டேப்பு டாக்டரும் எங்கள் வீட்டுத் தலைகளும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைப் பக்கம் தலை என்று ஒன்று இருக்கிற எவரும் டேப்பு டாக்டரிடம் தப்பித்ததில்லை. பலகையில் வேறு ஏதோ பெயர் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். குழந்தைகள் டாக்டர். ஸ்டெதாஸ்கோப் தொங்க வேண்டிய கழுத்தில் தையல்காரர் டேப்பு தொங்கும். சளி என்று போனாலும் முதலில் தலையைத்தான் சுற்றுவார். ஒருமுறை டீ கொண்டுவந்தவரையும் பிடித்து அளந்தார். டீ ஆறிப்போயிற்று.

என் பேத்திக்குப் பெரியபாளையத்தில் மொட்டை போட்டோம். முடி போனதும் தலை ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. என் நாத்தனார் சரோஜா கோயில் வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கிரகணத்தன்னிக்கு உன் மருமவ வெளிய சுத்திக்கினு இருந்தா இல்ல, அதான் கொயந்த தல சூம்பிப் போச்சு. ஆரம்பாக்கத்துக்கே அனுப்பிடு, அவ அம்மா ஊட்டுக்கு!"

என் மகன் மோகன் செருப்பு தேடுகிற சாக்கில் நகர்ந்துவிட்டான். மருமகள் கலா அழுதாள்.

"எவளும் எங்கியும் போமாட்டா. டாக்டரு சொல்லட்டும், அப்பால பேசு" என்று நான் போட்ட சத்தத்தில் பூக்காரி திரும்பிப் பார்த்தாள்.

டேப்பு டாக்டர் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா? என்ன மாத்திரை போட்டாள்? பிறந்ததும் அழுததா? வலிப்பு உண்டா? சொந்தத்தில் கல்யாணமா? ரத்தம் எடுத்தார், சென்னைக்கு அனுப்பி ஸ்கேன் பார்த்தார், சில மாத இடைவெளி விட்டு விட்டு அளந்தார். பாப்பாவோ அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அவரையே மிரட்டினாள்.

"கிரகணம் சார்..." என்று இழுத்தாள் சரோஜா.

"அன்னிக்கு எத்தன கர்ப்பிணிங்க ஷிப்டுக்குப் போனாங்க! அவங்களயெல்லாம் உட்டுட்டு கிரகணம் உங்க ஊட்டுக்கு மட்டுமா வந்துச்சு?" என்றார் டாக்டர்.

ஷிப்டு ஷிப்டு என்று தட்டிக்கழித்த மோகன் ஒருநாள் வேலை முடிந்து ஹெல்மெட்டோடு டாக்டரிடம் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டுக்குள் ஒரு துண்டு சுருட்டி வைத்திருந்தது.

"இது எதுக்குப்பா?"

"எவ்ளோ டைட் பண்ணாலும் கண்ணு மேல வந்து வுயுது சார்."

டாக்டர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். அளந்து பார்த்தால், மோகன் தலையும் சின்னது! அவன் அப்பா உயிரோடு இல்லை. அவரோடு கூடப் பிறந்த சரோஜா இருந்தாளே. "ஐயோ, எனக்கு இன்னாத்துக்கு?" என்று கதவுப் பக்கம் நகர்ந்தவளை டேப்பு வளைத்துப் பிடித்தது. பெரியவர்களில் அவள் தலைதான் எல்லாவற்றிலும் சின்னது.

"அப்பா வழித் தலைம்மா. டெஸ்ட்டெல்லாம் நல்லா இருக்கு, பாப்பா வளர்ச்சியும் வயசுக்குச் சரியா இருக்கு. இருந்தாலும் அப்பப்ப கூட்டினு வாங்க."

"இன்னாடி சரோஜா," என்றேன், "இப்ப யார எங்க அனுப்பலாம்?"

கலா குனிந்துகொண்டு தேம்பினாள். அழுகிறவளுக்கு என்ன சொல்வதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே அளந்த அவள் தலையையே மறுபடி அளந்தார்.

"நார்மல்மா. நிமிந்து உக்காரு."

அவரைக் கிறுக்கன் என்று யாராவது சொல்லட்டும், என் எதிரில் சொல்லட்டும் பார்க்கிறேன்.