பக்கீர் மைதீனின் ஒரே விரோதி

ஜமாஅத் தலைவர் அப்துல் ரஹ்மானின் விரல் கல்யாண அழைப்புப் பட்டியலில் மேலிருந்து கீழே ஊர்ந்து வந்து, அடியில் நின்றது.

"முப்பத்தாறு வீடுதான் இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சே?"

எது விட்டுப்போனது என்று பக்கீர் மைதீனுக்குத் தெரியும். வேண்டுமென்றே விட்டவர் அவர்தான். ஆனால் சைகோன் ஜமாஅத்தில் ஒரு கட்டு உண்டு. வீட்டு வாசலில் போய் நின்று வாயால் அழைக்க வேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் மற்ற வீட்டார் விருந்தில் கை நனைக்க மாட்டார்கள். மகள் ஜெய்னம்புவின் நிக்காஹுக்கு இன்னும் மூன்றே நாள்.

விட்டுப்போன வீடு, சந்தைக்கு அருகில் இவர் ஜவுளிக்கடைக்கு நேர் எதிரே ஜவுளிக்கடை வைத்திருக்கும் அமீர் அலியுடையது. 1948-ல், நோன்புப் பெருநாள் காலையில், பள்ளிவாசல் படியில் வைத்து பக்கீர் மைதீன் அவருக்கு வாய் நிறைய ஸலாம் சொன்னார். அமீர் அலி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று தொடங்கியது.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதில் பக்கீர் மைதீன் கறாரான மனிதர். மனத்தாங்கல் என்பது சம்பந்திகளுக்குள் வருவது, ஒரு விருந்து போட்டால் தீரும். சண்டை என்றால் சத்தம் வேண்டும். எனவே முதல் வருஷம் 'வருத்தம்' என்று மட்டும் சொன்னார். ஐந்தாம் வருஷம் அது விரோதம் ஆயிற்று. பத்தாம் வருஷம் பகை. சர்க்கார் உத்தியோகம் போலப் படிப்படியாக உயர்ந்து, பதினான்காம் வருஷமான இப்போது 'தீராப் பகை' என்ற பதவிக்கு வந்திருந்தது.

அமீர் அலி கடைக்கு வருகிறவர்களிடம்கூட வாய் திறப்பதில்லை. வியாபாரப் பேச்செல்லாம் அவர் மனைவி ரஹ்மத் நிஷாதான். சைகோனிலேயே பிறந்த வியட்நாம் பெண். காரைக்கால் தமிழை மாமியாரிடம் கற்று, மாமியாரையே பேச்சில் மிஞ்சியவர். எல்லாம் அந்த மனுஷனுடைய கர்வம் என்பது பக்கீர் மைதீனின் முடிவு.

உள்ளதைச் சொன்னால், அந்தப் பகை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. கடல் தாண்டி வந்து பிழைக்கிறவனுக்குச் சொந்தமென்று ஒரு விரோதியாவது வேண்டாமா? காலையில் கடையைத் திறந்ததும் எதிர்க்கடையை ஒரு முறை முறைத்தால்தான் அவருக்கு அன்றைய நாள் துவங்கும். இப்போது கல்யாணமும் நடக்க வேண்டும், பகையும் கெடக் கூடாது.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அமீர் அலி துறைமுகத்துக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வாசலில் போய் நின்று, ரஹ்மத் நிஷாவிடம் அழைப்பை ஒப்பித்தார். சம்பிரதாயம் முடிந்தது, வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தார். அந்த அம்மாளோ தேநீர் கொடுத்து உட்கார வைத்து, "அவங்க ரொம்ப சந்தோஷப்படுவாங்க நானா. கட்டாயம் வந்துடுவோம்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

பக்கீர் மைதீன் தேநீரைப் பாதியில் கீழே வைத்தார். அவசரத்தில் இன்னொரு யோசனை உதித்தது. விருந்து பன்னிரண்டு மணிக்கு. இவர், நிக்காஹுக்காக வெயிலில் அலைய வேண்டாம், இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு மணிக்குள் சஹன் தாம்பாளமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். வந்தவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போவார். அழைத்ததும் ஆயிற்று, பகையும் பத்திரம்.

வீட்டில் வந்து இதைப் பெருமையாகச் சொன்னார். மனைவி வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார்.

"எல்லாரும் சாப்பிட்ட பொறவுதானே பொண்ணோட வாப்பா சாப்பிட உட்காரணும்? நீங்க எத்தனை மணிக்கு உட்காருவீங்க?"

பக்கீர் மைதீன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக இரண்டு மணி.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே அவர் சமையல்காரப் பண்டாரியைப் பிடுங்கி எடுத்தார். பதினொன்றுக்கே பந்தி வைத்தால், ஒன்றரைக்குத் தானும் சாப்பிட்டு எழுந்துவிடலாம் அல்லவா? நச்சரிப்புத் தாங்காமல் பண்டாரி முன்கூட்டியே பிரியாணிச் சட்டியின் தம்மை உடைத்து மூடியைத் திறந்தார். அரிசி பாதி வெந்திருந்தது. மறுபடி மூடி, மறுபடி நெருப்புப் போட்டு, முதல் பந்தி உட்காரும்போதே மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. கடைசிப் பந்தி எழுந்தபோது சரியாக இரண்டு. வாசலில் ஒரு சிக்லோ ரிக்‌ஷா வந்து நின்று, அதிலிருந்து புது ஜிப்பாவோடு அமீர் அலியும் ரஹ்மத் நிஷாவும் இறங்கினார்கள்.

மீதமிருந்தது ஒரே ஒரு சஹன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைக்கும் அந்தப் பெரிய தாம்பாளத்துக்கு, அன்று மிஞ்சியது இரண்டே பேர். அப்துல் ரஹ்மான் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "பிஸ்மில்லாஹ் சொல்லுங்க" என்றார். முப்பத்தாறு வீட்டு ஆண்களும் பல் குத்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

பக்கீர் மைதீன் சோற்றை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார். திடீரென்று ஒரு நல்ல கறித்துண்டு அவர் பக்கம் நகர்ந்து வந்தது. அமீர் அலி தள்ளியது. அது விருந்து கொடுப்பவன் செய்ய வேண்டிய மரியாதை. இவர் ரோஷத்தோடு திருப்பித் தள்ளினார். அது மீண்டும் வந்தது. இவர் மீண்டும் தள்ளினார். நாலாவது தடவை நிமிர்ந்து பார்த்தால், அமீர் அலி சின்னதாகச் சிரித்தார்.

பதினான்கு வருஷத்துத் தீராப் பகை ஒரு கறித்துண்டில் தீர்ந்துவிட்டது. அதன் பிறகு பக்கீர் மைதீனால் தன்னை அடக்க முடியவில்லை. பெருநாள் ஸலாமில் ஆரம்பித்து, முறைத்தது, திட்டியது, இரண்டு மணி என்று பொய் சொன்னது வரை மூச்சு விடாமல் கொட்டினார். மாப்புக் கேட்டார்.

"இனிமே தினம் காலையில உங்க கடைக்கே வந்துடறேன் நானா. விட்டுப்போன பதினாலு வருஷப் பேச்சையும் உட்கார்ந்து பேசித் தீர்த்துடுவோம்."

அமீர் அலியின் கை சஹனிலேயே நின்றது. முகத்தில் ரத்தமில்லை. எழுந்தார், கை கழுவினார், செருப்பை மாட்டிக்கொண்டு சிக்லோவைக்கூடப் பார்க்காமல் தெருவில் நடந்தார்.

பக்கீர் மைதீன் ஒன்றும் புரியாமல் எச்சில் கையோடு வாசலில் நின்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்த ரஹ்மத் நிஷா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன காரியம் செஞ்சுட்டீங்க நானா? 'இந்தச் சைகோன்ல என்னைப் பேசச் சொல்லி உசுரை வாங்காத ஒரே கூட்டாளி எதிர்க்கடை பக்கீர் மைதீன்தான்'னு பதினாலு வருஷமா எங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்ல வச்சாங்களே என்னை."