பொறுமரும் என் புதுக் கமெராவும்

உலகத்தில் கமெரா செய்து விற்கிற கம்பனிகளுக்கெல்லாம் ஒரே ஓர் எதிரிதான் இருந்தார். அவர் வேலணையில் ஒரு தகரக் கூரை ஸ்ரூடியோவில் குந்தியிருந்தார். அவருடைய பேச்சைக் கேட்டுக் கமெரா வாங்காமல் விட்டவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசையின் தலை சந்தியில் நிற்கும், வால் மண்டைதீவையும் தாண்டிப் பண்ணைக் கடலில் நனையும். அந்த வரிசையில் முதல் ஆள் நான்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் பொறுமர். படம் எடுக்கமுன் "பொறும்" என்பார். எடுத்து முடிந்தது, எழும்பலாமோ என்று கேட்டாலும் "பொறும்" என்பார். புதுக் கமெரா வாங்கப்போகிறேன் என்று யாராவது வாய் திறந்தால், அந்தப் "பொறும்" ஒரு முழம் நீளத்தில் வரும். முகத்துக்கு முன்னால் எல்லாருக்கும் அண்ணை. முதுகுக்குப் பின்னால் பொறுமர்.

காலையில் கடை திறந்ததும் சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார். அடுத்த வேலை, போனைத் திறந்து உலகத்தின் கமெரா வதந்திகளை வாசிப்பது. ஊர் முழுவதும் பேப்பரில் மரண அறிவித்தல் பார்க்கிற நேரத்தில் இவர் பிறப்பு அறிவித்தல் பார்ப்பார். எந்தக் கமெரா எப்போது பிறக்கும், எந்த லென்ஸுக்கு இது எத்தனையாவது மாதம், எதற்குக் குறைப்பிரசவம், எல்லாம் விரல் நுனியில்.

"அண்ணை, இந்த மொடல் நல்லதாம். வாங்கட்டோ?"

"பொறும். அடுத்த மாசம் இதுக்குத் தம்பி வாறான்."

அடுத்த மாதம் போனேன். "தம்பி வந்திட்டான் அண்ணை."

"வந்தவன்தான். ஆனா சூடாகிறானாம். ஒரு மணித்தியாலம் வீடியோ எடுத்தால் முதுகில முட்டை பொரிக்கலாமாம். பொறும், இவனுக்கு விசிறி வைச்சு ஒருத்தன் வாறான்."

இப்படி மூன்று வருடம் போனது. மூன்று முறை பூநாரைகள் வந்து, மண்டைதீவுப் பாதையோரக் கடலை ஒரு மாதத்துக்கு ரோசாப்பூ நிறமாக்கிவிட்டு, மூன்று முறை திரும்பிப் போயின. என் பழைய கமெராவில் அவை இலையில் மிஞ்சிய சோற்றுப் பருக்கைகள் மாதிரி விழுந்தன. நான் பொறுத்தேன். பறவைகள் பொறுக்கவில்லை.

என் கதையாவது பரவாயில்லை. கனடாவிலிருந்து லீவில் வந்த ஒருவர், மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டை மேலேயிருந்து எடுக்க ஒரு ட்ரோன் வாங்கலாமோ என்று இவரிடம் கேட்டுவிட்டார். "பொறும், அடுத்தது சத்தமே இல்லாமல் பறக்குமாம்" என்றார் பொறுமர். லீவு முடிந்தது; சாமத்தியவீடும் முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். சத்தமில்லாத ட்ரோன் இன்னும் வந்து சேரவில்லை.

பொறுமரின் சொந்தக் கமெராவைப் பார்த்தால் அழுகை வரும். பிடிக்கிற இடத்து ரப்பர் தேய்ந்து, வாழைப்பழத் தோல் மாதிரிக் கழன்றிருக்கும். பற்றரி மூடியை ஆஸ்பத்திரிப் பிளாஸ்ரர் பிடித்துக்கொண்டிருக்கும். தோள்வார் அறுந்த இடத்தில் மீன்வலைக் கயிறு.

"நீங்கள் ஏன் அண்ணை இதை மாத்தேல்ல?"

"நானும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார், கோவிலில் நிற்கிற முகத்தோடு.

இதுவரைக்கும் அவர் மேல் எனக்கு எரிச்சல் மட்டும்தான் இருந்தது. பொறாமை நெடுந்தீவில்தான் தொடங்கியது.

நெடுந்தீவுக் குதிரைகளை ஒரு கவிதை மாதிரி எடுக்கவேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. புழுதி, காற்றில் அவிழ்கிற பிடரி, அதற்குப் பின்னால் மெல்ல உருகுகிற வெயில். ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய நீள லென்ஸோடு மூன்று நாள் வெட்டைவெளியில் குப்புறக் கிடந்தேன். குதிரைகள் எனக்கு வாலைக் காட்டின. எந்தப் பக்கம் ஊர்ந்து போனாலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு வால் தயாராக இருந்தது.

மூன்றாம் நாள் படகில் பொறுமர் வந்திறங்கினார். அவர் வந்தது அடையாள அட்டைப் படம் எடுக்க. கல்வேலியில் ஒரு வெள்ளைச் சீலையைக் கட்டி, அதற்கு முன்னால் ஆட்களை ஒவ்வொருவராக இருத்தினார். "ரெண்டு காதும் தெரியவேணும். பல்லுத் தெரியப்படாது. பொறும்." ஓர் ஆள் எழும்பி அடுத்த ஆள் வருகிற இடைவெளியில், பக்கத்து வாளியில் தண்ணீர் தேடி ஒரு குதிரை வந்தது. வந்து, நேராக வெள்ளைச் சீலைக்கு முன்னால் நின்றது.

"பொறும்" என்றார் அவர்.

குதிரை பொறுத்தது. மூன்று நாளாக எனக்கு முதுகு காட்டிய அதே இனம், கழுத்தை நிமிர்த்தி, அடையாள அட்டைக் கந்தோருக்குப் படம் கொடுக்கிற ஆள் மாதிரிச் சிரிக்காமல் கமெராவைப் பார்த்தது.

அந்தப் படம் போனுக்குப் போன் பாய்ந்து, ரொறன்ரோ போய், பாரிஸ் போய், ஒரு கிழமையில் திரும்பி எனக்கே வந்தது. ஒன்றல்ல, பதினேழு தடவை வந்தது. அனுப்பின எல்லாரும் கீழே ஒரே வசனத்தைத்தான் எழுதியிருந்தார்கள்: "இதைப் பாத்தனீரோ? நீரும் படம் எடுக்கிறனீரெல்லோ?"

மனம் பொறுக்காமல் ஸ்ரூடியோவுக்குப் போய், "நல்ல படம் அண்ணை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"எங்க நல்லது? வலது காது கொஞ்சம் மடிஞ்சு போச்சு. கந்தோரில திருப்பி அனுப்புவாங்கள்."

அன்றைக்கே முடிவெடுத்தேன். இனிப் பொறுக்கமாட்டேன். ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்குச் சொல்லி, பொறுமருக்குத் தெரியாமல், ஒரு மிரர்லெஸ் கமெராவும் முகம் எடுக்கவென்றே செய்த ஒரு லென்ஸும் இறக்குவித்தேன். பெட்டியைத் திறந்தபோது வந்த வாசனைக்கே ஒரு கவிதை எழுதலாம், எழுதினேன். கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கிற கமெரா அது. சாட்டிக் கடற்கரையில் தென்னைமரத்தின் கண்ணைக்கூட அது தேடியது.

ஒரு மாதம் ஒளித்துவைத்திருந்தேன். பிறகு கர்வம் தாங்காமல் கொண்டுபோய்ப் பொறுமரின் மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, மீன் வாங்குகிற ஆள் மாதிரி நிறை பார்த்தார். ஒருமுறை கண்ணில் வைத்தார். திருப்பித் தந்தார்.

"நல்ல சாமான். ரெண்டு கிழமை பொறுத்திருக்கலாம்."

பன்னிரண்டாம் நாள் அடுத்த மொடல் அறிவித்தல் வந்தது. அவர் சொன்ன தவணைக்கும் முந்திப் பலித்த வதந்தி எனக்குத் தெரிந்து அந்த ஒன்றுதான்.

ஆனால் என் புதுக் கமெராவுக்கு ஒரு பெரிய வேலை காத்திருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். உள்ளே வம்சமும் பாட்டும் புலம்பலும் இருக்கும். முதல் பக்கத்தில் போனவரின் முகம். பெரும்பாலும் அந்த முகத்தை ஏதாவது கலியாணக் கூட்டத்திலிருந்துதான் வெட்டி எடுப்பார்கள். ஓர் ஐயாவின் கல்வெட்டில் அவருடைய தோளில் இன்னொருவரின் கை மட்டும் தனியாகக் கிடந்தது. கைக்குச் சொந்தக்காரர் பந்தியில் அதே கையால் பருப்புப் பிசைந்துகொண்டிருந்தார். இந்த அவமானத்துக்குப் பயந்தே எங்கள் ஊரில் எழுபது தாண்டியவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துவிடுவார்கள். எடுப்பவர் பொறுமர். இந்த விசயத்தில் மட்டும் அவர் தலைகீழ். "சாமானுக்குப் பொறுக்கலாம், முகத்துக்குப் பொறுக்கேலாது" என்பார்.

எண்பத்திரண்டு வயதில் என் அம்மாவும் தனக்கு ஒன்று வேண்டும் என்றார். இதற்காகவே பிறந்த லென்ஸ் என்னிடம் இருந்தது. ஒரு முழுக் காலையும் இருத்தி, இருநூறு படம் எடுத்தேன். சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக விழுந்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்ன தம்பி, வத்தின குளம் மாதிரிக் கிடக்கு முகம்."

"அதுதான் அம்மா துல்லியம்."

"செத்தாப் பிறகு போடுறதுக்கு உயிரோட இருக்கிற முகம் வேணுமெல்லோ. நீ எடுத்ததில நான் இப்பவே போயிட்டன். பொறுமரைக் கூப்பிடு."

என் வீட்டு முற்றத்தில், என் அம்மாவின் முகத்துக்கு, அந்தப் பிளாஸ்ரர் ஒட்டின கமெரா. அவர் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டபோதே எனக்கு நெஞ்சு எரிந்தது. விறாந்தையில் கதிரையைப் போட்டு அம்மாவை இருத்தினார். பிறகு, வெள்ளித்தாள் ஒட்டின ஒரு ரெஜிபோம் மட்டையை என் கையில் தந்தார். வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கிறதற்கு அவருடைய கருவி அது.

"நீர் அந்தத் தூணடியில நிண்டு பிடியும். இன்னும் கொஞ்சம் சரியும். ஆடாதையும்."

ரொறன்ரோவிலிருந்து கமெரா இறக்கின நான், மட்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இவர் சின்னனில எப்பிடி?" என்று கேட்டார் பொறுமர், கமெராவை நெஞ்சில் தொங்கவிட்டுக்கொண்டு.

அம்மாவுக்குக் கேட்கவேண்டியதுதான் தாமதம். "இவனோ? பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில வேற பெடியன் வெண்ட கப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, படம் எடுக்கும்வரைக்கும் விடமாட்டன் எண்டு நிண்டவன். வெண்டவன் பக்கத்தில வெறுங்கையோட நிக்கிறான். பாவம் அந்தப் பிள்ளை."

"அம்மா, எனக்கு அப்ப ஏழு வயசு."

"இப்ப மட்டும் என்ன?" என்று சொல்லி என்னைப் பார்த்தார். கண் சுருங்கி, உதட்டின் ஒரு மூலை மட்டும் மேலே ஏறியது.

"பொறும்."

ஒரே ஒரு சத்தம். "ஒண்டு காணும் அக்கா" என்று கமெராவை மூடிவிட்டார்.

மூன்று நாள் கழித்துப் படம் வந்தது. நான் குற்றம் தேடித்தான் பார்த்தேன். குவியம் ஒரு மயிரிழை பிசகித்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தில் இருந்தது அம்மா. ஒரு பிள்ளையைப் பெற்று, அதன் குணம் முழுவதையும் தெரிந்து, தெரிந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிற ஆள். கண்ணுக்குள் என் மட்டையின் வெளிச்சம் விழுந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மழை இருட்டு. வெயில் ஒரு பொட்டும் இல்லை.

ஸ்ரூடியோவுக்குப் போனேன். "அண்ணை, அண்டைக்கு வெயிலே இல்லை. நான் என்னத்தைப் பிடிச்சனான்?"

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏதோ லென்ஸ் பிறக்கப்போகிற செய்தி. "அக்கா பாக்கிறதுக்கு ஒரு இடம் வேணுமெல்லோ" என்றார்.

அடுத்த ஆடியில் அம்மா போய்விட்டார். கல்வெட்டு வேலை என் தலையில். அச்சகத்துக்கு நான் கொடுத்தது என் இருநூறில் ஒன்று. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்த முதல் பக்கத்தை வேறு ஆளுக்கு விடமுடியவில்லை. அம்மாவைக் கடைசியாக ஊருக்குக் காட்டுவது மகனாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். பார்த்துத் திருத்தச் சொல்லி முதல் படி வந்தது. திறந்தேன். வற்றின குளம். மூடிவிட்டு அச்சகத்துக்குப் போன் அடித்தேன்.

"படத்தை மாத்தவேணும்."

"சொல்லுவம் எண்டுதான் அண்ணை இருந்தனான்" என்றார் அச்சகக்காரர்.

அந்தியேட்டி அன்று, பந்தி தொடங்கமுன் கல்வெட்டைக் கொடுத்தோம். சனம் முதல் பக்கத்தைத் திறந்தது, திறந்த இடத்திலேயே நின்றது. அழுதுகொண்டிருந்த ஒரு மாமி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு இன்னும் கூட அழுதார். பந்தியில் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஆளே எழும்பி வந்து நிக்கிற மாதிரிக் கிடக்கு. ஆர், நீயோ எடுத்தனீ?"

"ஓம்" என்றேன்.

நான் யோசிக்கமுன் அந்தச் சொல் வெளியே வந்து நின்றது. வந்த பிறகுதான் கண்டேன், பெரியப்பாவுக்கு எதிர் வரிசையில், மூன்றாவது இலையில் பொறுமர் இருந்தார். குழம்புச் சோற்றை உருட்டிய கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

பெரியப்பா விடவில்லை. "என்ன அண்ணை, இவன் உங்களை விழுத்திப்போட்டான் போல கிடக்கு?"

பொறுமர் அந்த உருண்டையை வாயில் வைத்தார். ஆறுதலாகச் சப்பினார். தண்ணீர் குடித்தார். என் வாழ்க்கையில் நான் பொறுத்த எல்லாப் பொறுத்தல்களிலும் நீளமானது அதுதான்.

"ஓம்" என்றார். "இவர்தான் எடுத்தவர். நான் அண்டைக்கு மட்டை பிடிச்சனான். என்ன, ஆடாமல் பிடியுங்கோ எண்டு என்னை ஒரே பேச்சு."

வரிசை முழுவதும் சிரித்தது. அவர் வடையைப் பிய்த்துப் பாயாசத்தில் தோய்த்தார்.

என் பொய் ஒரே சொல்லில் நடுங்கியது. அவருடைய பொய்யில் இடம் இருந்தது, ஆள் இருந்தது, ஒரு பகிடியும் இருந்தது. அதிலும் அந்த மனிதர் என்னை முந்திவிட்டார். தன் கையில் விழுந்த ஆக நல்ல முகத்தை இன்னொருவனின் இலையில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பாயாசம் விடச் சொல்லி நிமிர்ந்து பார்க்கிற அந்த மனத்தை எந்தத் தேசத்திலிருந்து சொல்லி இறக்குவிப்பது? இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.