முன்னறையில் மூன்று மாதச் சாப்பாடு

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புயலடித்து, சிட்னியின் கிரவீன் பகுதியில் மூன்று தெருக்களுக்குப் பதினான்கு மணித்தியாலம் கரண்ட் இல்லை. மகாதேவன் வீட்டில் சேதம் மூன்று. ஃப்ரீசரில் இருந்த இறால் கெட்டது. மகள் லக்சிகாவின் போனில் சார்ஜ் தீர்ந்து, அவள் பெற்றோரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டி வந்தது. மகாதேவனுக்கு ஒரு யோசனை உதித்தது. மூன்றிலும் பெரிய சேதம் அந்த யோசனைதான் என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

மகாதேவன் லிட்கமில் ஒரு பண்டகசாலையில் பாதுகாப்பு அதிகாரி. துவக்கு வைத்திருக்கிற அதிகாரி இல்லை. 'தரை ஈரம், கவனம்' என்று மஞ்சள் பலகை வைக்கிற அதிகாரி. அங்கே அவர் விசில் ஊதினால் நூற்றிருபது பேர் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து வரிசையில் நிற்பார்கள். வீட்டில் அவர் விசில் ஊதினால், குக்கர் என்று நினைத்து மனைவி யோகா அடுப்பைக் குறைப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, ஆறு பக்கத்தில் ஒரு திட்டத்தோடு குசினிக்குள் நுழைந்தார். வெட்டி ஒட்டிய படங்கள், நிறம் நிறமான கட்டங்கள், பிளாஸ்டிக் உறை.

"யோகா, கொஞ்சம் கவனமாக் கேளும். இனி இந்த வீட்டில மாசத்துக்கு ஒரு இலக்கு. ஜனவரி தண்ணி. பெப்ரவரி அரிசி, மா. மார்ச் பருப்பு வகை. ஏப்ரல் ரின்னில அடைச்ச சாமான். மே உபகரணமும் பொறுப்புகளும். யூன் மாசம் ஒத்திகை."

"ஓம்."

"யூன் முடியேக்க ஐஞ்சு பேருக்கு மூண்டு மாசத்துக்குக் காணுற சாப்பாடு இந்த வீட்டில இருக்கோணும்."

"நாங்கள் மூண்டு பேரல்லோ?"

"கூடுதலா வச்சிருக்கிறதுதான் பாதுகாப்பு. உமக்கு இதெல்லாம் விளங்காது. அரிசியை ஈரம் படாத, வெளிச்சம் படாத இடத்தில வைக்கோணும். தெரியுமே?"

யோகா வெங்காயம் உரித்துக்கொண்டே தலையாட்டினாள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவள் அவள். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்து, ஜாம் போத்தில் விளக்கு வெளிச்சத்தில் படித்து, ஓ.எல். பரீட்சையில் எட்டுப் பாடத்துக்கும் 'டி' என்கிற அதிசிறப்புச் சித்தி எடுத்தவள். அதே காலத்தில் மகாதேவன் சிட்னியில் மாணவனாக இருந்தார். அவர் கண்ட பெரிய தட்டுப்பாடு, ஹொஸ்டலில் ஒருநாள் தக்காளி சோஸ் முடிந்துபோனதுதான். அரிசியை எப்படி வைக்க வேண்டும் என்று இவர்தான் அவளுக்குப் பாடம் எடுத்தார். அவளும் கடைசிவரை கேட்டாள்.

"எல்லாம் சரி. இவ்வளவையும் எங்க வைக்கிறது?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஆறு பக்கமும் எழுதப்பட்டன. மகாதேவன் முகத்தில் கவலையை வரவழைத்தார்.

"அதுதான் யோசிக்கிறன். முன்னறையை விட்டால் வேற வழியில்லைப் போல."

"ஓம், நல்ல இடம். வெயிலும் படாது."

கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கினால்கூட 'இதை ஏன் வாங்கினனீங்கள்' என்று அரை மணித்தியாலம் விசாரிக்கிறவள், ஒரு அறையையே ஒரு வசனத்தில் விட்டுக்கொடுத்தாள். புத்தியுள்ள மனிதன் என்றால் அந்த இடத்திலேயே திட்டத்தைக் கிழித்துப் போட்டிருப்பான். மகாதேவன் தன் பேச்சுத் திறமையை மெச்சிக்கொண்டார்.

உண்மையான காரணத்துக்கும் புயலுக்கும் சம்பந்தமில்லை. புயலுக்கு ஒரு கிழமை முன்னர், யோகா போனில் கதைத்தது அவர் காதில் விழுந்திருந்தது. 'ஓம் அண்ணை, யூன் கடைசியில வாங்கோ. முன்னறை சும்மாதானே கிடக்குது.'

அண்ணை என்பது ரொறன்ரோவில் இருக்கிற பாலகிருஷ்ணன். ஐந்து வருடத்துக்கு முன்னர் மனைவி மனோரமாவோடு வந்து ஏழு கிழமை தங்கினார். மகாதேவனின் சாய்கதிரை அந்த ஏழு கிழமையும் மகாதேவனைக் காணவில்லை. விடிய நாலரைக்கு எழும்பி அவர் தொண்டை கொப்புளிக்கிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொல்லும். பகலில் 'கனடாவில எண்டால்' என்று தொடங்குவார். புல்லு வெட்டுவது, கார் ஓட்டுவது, தேங்காய் துருவுவது, எல்லாவற்றையும் கனடாவில் வேறு மாதிரித்தான் செய்கிறார்களாம். அவர் விமானம் ஏறிய அன்று மகாதேவன் பகல் ஒரு மணிக்குப் படுத்து அடுத்த நாள்தான் எழும்பினார்.

மனைவியின் அண்ணனை 'வரவேண்டாம்' என்று சொன்ன கணவன்மார் யாராவது உண்டா என்று அவர் விசாரித்தும் பார்த்தார். ஒருவர் இருந்தாராம். இப்போது தனியாக இருக்கிறாராம். ஆகவே 'வரவேண்டாம்' என்று சொல்ல முடியாது. 'ஐயோ, இடமில்லையே' என்று சொல்லலாம். அதற்கு முதலில் இடம் இல்லாமல் போக வேண்டும்.

பெப்ரவரியில் பென்டில் ஹில் பலசரக்குக் கடைக்காரர் மகாதேவனைக் கண்டதும் கதவைத் திறந்து பிடிக்கத் தொடங்கினார். மூட்டை மூட்டையாக அரிசி வந்தது. தூக்கிய மகாதேவனுக்கு இடுப்புப் பிடித்தது. பிடித்த இடுப்போடு அவர் சிரித்துக்கொண்டே தூக்கினார். யோகா ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டாள். அவருடைய ஆறு பக்கத்திலும் வண்டைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

மார்ச் மாதத்தில் அவளே ஒரு யோசனை சொன்னாள்.

"இஞ்சேரப்பா, அந்தக் கட்டில் ஏன் சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்குது? லக்சிகாவின்ர சிநேகிதி ஒருத்தி தனிய வீடெடுத்துப் போறாள். குடுத்தால் என்ன?"

மகாதேவனுக்குக் காது இனித்தது. "உமக்கு விருப்பமெண்டால் குடும்."

அன்றைக்கே கட்டிலைக் கழற்றி, வான் வண்டியில் ஏற்றி, அந்தப் பிள்ளையின் வீட்டில் பூட்டியும் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் தன் சொந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை.

யோகாவும் பட்டியலில் சில சாமான்களைச் சேர்த்தாள். குரக்கன், அதாவது கேழ்வரகு மா பத்துக் கிலோ.

"குரக்கன் ஆர் சாப்பிடுறது?"

"கன நாள் கெடாமல் இருக்குமப்பா."

சீனி இல்லாத பிஸ்கட் இரண்டு பெட்டி. "ஆருக்குச் சலரோகம்?" என்று கேட்டார். "வந்தாப்பிறகு தேடி ஓடேலுமே?" என்றாள். மே மாதத்தில் 'மனச்சோர்வு தவிர்க்கும் பொருட்கள்' என்ற கட்டத்தில் விளையாடுகிற கடுதாசி இரண்டு கட்டு என்று எழுதினாள்.

"கடுதாசியோ?"

"கரண்ட் இல்லாட்டில் என்ன செய்யிறது? முந்நூற்றி நாலு விளையாடலாம்."

"அதுக்கு நாலு பேர் வேணுமே. லக்சிகாவுக்கு விளையாடத் தெரியாது."

"கூடுதலா வச்சிருக்கிறதுதான் பாதுகாப்பெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

தன் வசனத்தையே மனைவி மேற்கோள் காட்டுகிற பாக்கியம் எத்தனை கணவன்மாருக்குக் கிடைக்கும்? மகாதேவன் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியில் பொறுப்புகள் பக்கத்தை எழுத உட்கார்ந்தார். வேலைத்தலக் கையேட்டைப் பார்த்து எழுதினார். 'பிரதான பொறுப்பாளர்: மகாதேவன். அவசரநிலையில் தமது படுக்கையை முதியோருக்கும் நோயாளருக்கும் விட்டுக்கொடுப்பார். வாசற் கதவருகில் படுப்பார். எல்லோரும் உண்ட பின்னரே உண்பார்.' எழுதி முடித்துக் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்தார்.

லக்சிகாவும் பார்த்தாள். "வாவ் டாட். சோ நோபிள்."

யோகா பக்கத்தை வாசித்தாள். "நல்லா இருக்குதப்பா. ஆனா அவசரநிலை எண்டால் என்னவெண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்லையே?"

"புயல், வெள்ளம், காட்டுத்தீ. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"வீட்டில ஆருக்கும் படுக்க இடமில்லாமல் போனால்?"

"அதுவும்தான். அதைவிடப் பெரிய அவசரநிலை என்ன இருக்குது?"

"அப்ப அதையும் எழுதுங்கோ. கையெழுத்தும் வையுங்கோ. கையெழுத்தில்லாத கடுதாசியை ஆர் மதிக்கிறது?"

எழுதினார். வைத்தார். திகதியும் போட்டார்.

யூன் முதல் கிழமை, முன்னறைக் கதவை மூட மூன்று பேர் தள்ள வேண்டியிருந்தது. மகாதேவன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு யோகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த பெருமூச்சை விட்டார்.

"மச்சான் வாறதெண்டு சொன்னீர். இப்ப எங்க படுக்க வைக்கிறது? எனக்கு மனசே கேக்குதில்லை. ஹோட்டலில விட்டால் சனம் என்ன கதைக்கும்?"

"நானும் அதைத்தான் யோசிக்கிறன்."

"கஷ்டமெண்டால் அடுத்த வருசம் வரச் சொல்லுவமோ?"

"நீங்கள் மனசைப் போட்டு அலட்டாதேங்கோ. நான் அண்ணையோட கதைக்கிறன்."

'கதைக்கிறன்' என்றால் என்ன கதைக்கப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. வென்றவன் எதற்குக் கேள்வி கேட்கிறான்? யூன் கடைசிச் சனிக்கிழமை, இரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத மேய்ஸ் ஹில் கோயில் முருகனை நினைத்துக்கொண்டார். தனியாகப் போய் அர்ச்சனை செய்து தேங்காயும் உடைத்தார். யோகாவும் லக்சிகாவும் 'கொஞ்சம் அலுவல் இருக்குது' என்று மற்றக் காரில் போயிருந்தார்கள். முருகன் அன்றைக்கு நமட்டுச் சிரிப்புச் சிரித்ததாக மகாதேவன் பிற்பாடு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திருநீற்றோடு வீட்டுக்குள் நுழைந்தவர், வாசலில் நாலு சூட்கேசைக் கண்டார். சாய்கதிரையில் பாலகிருஷ்ணன் இருந்தார்.

இருந்தவர் எழும்பினார். ஓடி வந்து மகாதேவனைக் கட்டிப்பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"மச்சான், என்ர சொந்தத் தம்பிகூட எனக்கு இப்பிடிச் செய்ய மாட்டான்."

"என்ன செய்தனான்?"

"நடிக்காதேங்கோ. யோகா எல்லாம் சொன்னவள். நாங்கள் வாறமெண்டு தெரிஞ்ச நாளில இருந்து, ஆறு மாசமா, மாசா மாசம் இலக்குப் போட்டுச் சேர்த்தனீங்களாம். ஐஞ்சு பேருக்கு மூண்டு மாசம்."

முன்னறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே மனோரமா மூட்டைகளுக்கு நடுவில் நின்று பெட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்கோ, போன வருசம் வந்த உங்கட சலரோகத்துக்கெண்டு குரக்கன் மா. சீனி இல்லாத பிஸ்கட். தம்பி ஒண்டையும் மறக்கேல்லை."

"கடுதாசியும் இருக்குது அண்ணி" என்றாள் யோகா. "அண்ணைக்கு முந்நூற்றி நாலெண்டால் உயிரல்லோ. இப்ப நாலு பேர் சரி."

மகாதேவன் வாயைத் திறந்தார். 'இது உங்களுக்காக இல்லை' என்று சொன்னால், பிறகு யாருக்காக என்று சொல்ல வேண்டும். 

பாலகிருஷ்ணன் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தார். "உண்மையைச் சொல்லுறன் மச்சான். நாங்கள் இஞ்ச ரெண்டு கிழமை நிக்கத்தான் வந்தனாங்கள். மிச்ச நாள் மெல்பேர்ணில மனோரமாவின்ர தங்கச்சி வீட்டை போறதாத்தான் இருந்தது. இவ்வளவையும் பாத்தாப்பிறகு போக மனம் வருமே? இப்பதான் அவைக்குப் போன் பண்ணி வரேல்லையெண்டு சொன்னனான்."

இரண்டு கிழமை. வெறும் பதினாலு நாள். பெப்ரவரியில் பிடித்த இடுப்பு மகாதேவனுக்கு மறுபடியும் பிடித்தது. அதோடு அவர் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"அது சரி மச்சான், ஆனா படுக்கிறதுக்குத்தான் இடம்..."

"ஓம், இடமில்லை" என்றாள் யோகா. "அப்ப அவசரநிலைதான்."

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டியிருந்த பக்கத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் உறை பளபளத்தது.

"யோகா, அது வெள்ளம் கிள்ளம் வந்தால்..."

"'ஆருக்கும் படுக்க இடமில்லாமல் போனாலும்' எண்டு எழுதியிருக்குது. உங்கட கையெழுத்துத்தான். அண்ணைக்கு அறுபத்தெட்டு வயசு, சலரோகமும் இருக்குது. ரெண்டுக்கும் பொருந்துது. எங்கட அறையை அவை எடுக்கட்டும், பாத்ரூமும் அதுக்குள்ளேயே இருக்குது. நான் லக்சிகாவோட படுக்கிறன்."

"நான்?"

லக்சிகா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "ஃப்ரண்ட் டோர், டாட். இட்ஸ் இன் த பிளான்."

அன்று தொடக்கம் மகாதேவன் வாசற் கதவருகில், மே மாத இலக்கில் தானே தேடித்தேடி வாங்கிய உறக்கப் பைக்குள் படுக்கிறார். கதவுக்குக் கீழால் யூன் மாதத்துக் குளிர்காலக் காற்று வரும். விடிய ஐந்து மணிக்கு நடக்கப் போகிற பாலகிருஷ்ணன் அவரைத் தாண்டிப் போகும்போது, 'கனடாவில எண்டால் இது குளிரே இல்லை மச்சான்' என்று ஆறுதல் சொல்வார். இடியப்பம் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அவருக்கு வரும். அப்போது சம்பல் முடிந்திருக்கும்.

நாலாவது நாள் காலை, பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த யோகாவிடம் அவர் மெதுவாகப் போனார். பாலகிருஷ்ணன் உள்ளே சாய்கதிரையில் இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருந்தார்.

"யோகா, ஒண்டு கேக்கட்டே? இந்த அவசரநிலை எப்ப முடியும்?"

யோகா கடைசித் துவாயை உதறிக் கொடியில் போட்டாள். கிளிப் குத்தினாள்.

"அதை நீங்கள் எழுதேல்லையேயப்பா."