வெட்டாத கத்தியும் வாடாத ஊக்கமும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு உருப்படியாக எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் எங்கள் மன்றத்தைக் கண்டுபிடித்தது. 'பொழுதுபோக்குக் கத்தி செய்வோர் ஊக்குவிப்பு மன்றம்' என்பது முழுப் பெயர். அதன் தலைவரே இப்படிப் புகழ்வது அழகல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் மற்ற உறுப்பினர்கள் வாராவாரம் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் வாராவாரம் மறுக்காமல் இருக்கிறேன்.

என் வீட்டுக் கார் கொட்டகைதான் பட்டறை. கார் தெருவில் நின்று மழையில் நனைகிறது. கலைக்கு அதுவும் தன்னால் ஆனதைச் செய்கிறது. உள்ளே ஓர் உலை, ஒரு சாணை இயந்திரம், சுவர் நிறைய அரம், எல்லோரும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ள ஒரு நீளமான மேஜை. ஞாயிற்றுக்கிழமை காலை பல் டாக்டர் வருவார், இன்சூரன்ஸ்காரர் வருவார், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வருவார், என் தங்கையின் கணவர் வருவார். மாப்பிள்ளை அப்போது குடிநீர் வாரியத்தில் நிரந்தர வேலையில் இருந்தார். 'இருந்தார்' என்று எழுதும்போதே மன்றத்தின் சாதனையை நினைத்து எனக்குப் புல்லரிக்கிறது.

கத்தி செய்வதில் ஒரு காட்டுமிராண்டித்தனமான கட்டம் உண்டு. அடித்து, தேய்த்து, உருவம் வந்த இரும்பைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சட்டென்று எண்ணெயில் முக்க வேண்டும். அப்போதுதான் இரும்பு இறுகும், கூர் நிற்கும் என்பார்கள். முக்கும்போது சில சமயம் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். கத்தியில் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு மாத உழைப்பு அதோடு குப்பைக்குப் போகும்.

ஒரு நாள் பல் டாக்டரின் கத்தி 'டிங்' என்றது. ஊரார் பல்லையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் பிடுங்குகிற மனிதர், எண்ணெய் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம்.

"இந்த எண்ணெய் நம்ம வேலையைக் குறை சொல்லுதுங்க," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"அதுவும் எல்லார் முன்னாடியும்," என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர்.

"ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லக் கூடாதுன்னு நம்ம மன்றத்துல விதி இருக்கு. எண்ணெய்க்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்றேன் நான்.

தீர்மானம் நிறைவேறியது. வாளி வெளியேற்றப்பட்டது. அன்று முதல் எங்கள் கத்திகளில் ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை.

ஒன்றுகூட எதையும் வெட்டியதில்லை என்று சில பொறாமைக்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். அவர்களுக்காகத்தான் 'மதிப்பீட்டு நெறிமுறை' வகுத்தோம். ஒரு கத்தி மேஜைக்கு வந்தால் முதலில் கைப்பிடியைப் பாராட்ட வேண்டும். அடுத்து பளபளப்பை. அடுத்து, செய்தவரின் துணிச்சலை. 'வெட்டுமா?' என்று கேட்பது அநாகரிகம். மிஞ்சிப்போனால், 'வெட்டும் எண்ணம் தெரிகிறது' என்று சொல்லலாம். இந்த முறையில் நாங்கள் அடைந்த முன்னேற்றம் கொஞ்சநஞ்சமல்ல. மூக்குக்கண்ணாடிக்காரரின் கத்தி வெண்ணெயிடம் தோற்றபோதுகூட, வெண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்ததாகக் கண்டறிந்தோம்.

இப்படி ஊக்கம் ஊட்டி ஊட்டி மாப்பிள்ளையை ஓர் உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். ஒரு நாள் தங்கை மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணா, அவர் வேலையை விடப்போறாராம். கத்தி செஞ்சு விக்கப்போறாராம்."

"அடடே, சந்தோஷமான சமாச்சாரமாச்சே."

"என்ன சந்தோஷம்? அந்தச் சம்பளம் நின்னா நாங்க எதைச் சாப்பிடறது? ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நான் அழுதுட்டேன் அண்ணா. கடைசியில, 'எங்க மன்றத்துல யாராவது ஒருத்தர் என் புதுக் கத்தியில ஒரே ஒரு குறை சொல்லிட்டாலும் போதும், வேலையை விட மாட்டேன்'னு சொல்லியிருக்கார். நீயே சொல்லிடேன். உன் வாயில ஒரு வார்த்தை வரட்டும், என் வீடு பிழைச்சுக்கும்."

எனக்கு அவள் ஒரே தங்கை. சின்ன வயதில் அவள் தும்மினால் எனக்குக் காய்ச்சல் வரும். 'சரிம்மா, பாத்துக்கறேன்' என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்குப் பாராட்டு விழா. தங்கையும் வந்திருந்தாள். கேக் வாங்கி வைத்திருந்தோம். பெட்டியைச் சுற்றிச் சணல் கயிறு கட்டியிருந்தது. மாப்பிள்ளை தன் புதுக் கத்தியை உறையிலிருந்து உருவினார். கருங்காலிக் கைப்பிடி, பித்தளை ஆணி, முகம் பார்த்துச் சீவிக்கொள்ளலாம் போல் பளபளப்பு. கயிற்றின் மேல் வைத்து அறுத்தார். மறுபடி அறுத்தார். நின்றுகொண்டு அறுத்தார். பெட்டியைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அறுத்தார். கயிற்றுக்கு லேசாகச் சூடு ஏறியது. கத்தி மட்டும் நடுவில் கொஞ்சம் வளைந்தது.

எல்லோரும் கவனமாகக் கயிற்றைப் பார்த்தோம்.

"பிரமாதமான கயிறுங்க," என்றார் பல் டாக்டர்.

"இந்த மாதிரிக் கயிறெல்லாம் இப்ப யார் திரிக்கிறாங்க?" என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர்.

"கத்தி எவ்வளவு மரியாதையா வளைஞ்சு குடுக்குது பாருங்க," என்றார் இன்சூரன்ஸ்காரர். "பிடிவாதமே இல்லை."

தங்கை முன்னால் வந்து முடிச்சை விரலால் அவிழ்த்தாள். "உங்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிடறேன்," என்றாள். "உங்க கண்ணு முன்னாடிதானே நடந்துச்சு? யாராவது ஒரு குறை சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

இன்சூரன்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "குறைன்னா, இந்தக் கத்திக்கேத்த கேக் இது இல்லைங்கம்மா."

மாப்பிள்ளையின் நெற்றியெல்லாம் வியர்வை. என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்க சொல்லுங்க. உங்க வாயால வந்தா நான் ஏத்துக்கறேன். சரியில்லைதானே?"

அந்தக் கேள்வியில் ஒரு கெஞ்சல் இருந்தது. தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'மாப்பிள்ளை, இது முக்காத கத்தி, இது வெட்டாது' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது மேஜையில் என் கத்தி கண்ணில் பட்டது. மூன்று முறை 'மாதத்தின் சிறந்த கத்தி' விருது வாங்கியது. அதையும்தான் முக்கவில்லை. மாப்பிள்ளையுடையது கத்தி இல்லை என்றால், அது மட்டும் என்னவாம்?

"கயிறு நனைஞ்சிருக்கும் மாப்பிள்ளை," என்றேன்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் காலை மாப்பிள்ளை வேலையை ராஜினாமா செய்தார்.

அதன் பிறகு நடந்ததை மன்றம் 'தற்காலிகச் சந்தைச் சுணக்கம்' என்று அழைக்கிறது. ஓர் ஆஸ்பத்திரி சமையலறை அவரிடம் கத்தி வாங்கிப் பார்த்தது. வெங்காயம் நறுக்கச் சொன்னால் துவையல் வருகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டது. வேறு யாரும் வாங்கவில்லை. தங்கை ஒரு ஜவுளிக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்றபடி வேலை பார்க்கப் போனாள். நாங்கள் சும்மா இருக்கவில்லை. 'மனம் தளர வேண்டாம்' என்று ஆளுக்கொரு முறை போன் செய்தோம்.

மாப்பிள்ளை ஒரு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார், முகமெல்லாம் சிரிப்பாக. பின்னாலேயே தங்கை, ஒரு பை தக்காளியோடு.

"மச்சான், கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். "அந்த எண்ணெயை நாம தூக்கிப் போட்டிருக்கவே கூடாது. மூணு கத்தி 'டிங்'குன்னு போச்சு. நாலாவது நின்னுச்சு. இதைப் பாருங்க."

கைப்பிடிகூடப் போடாத, கறுத்துப்போன ஒரு கத்தியைத் தக்காளி மேல் வைத்தார். அழுத்தவே இல்லை. தக்காளி இரண்டாக விழுந்தது. மன்றத்தின் மேஜையில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப உங்களோடது," என்று என் கத்தியை எடுத்து இன்னொரு தக்காளி மேல் வைத்து இழுத்தார். தக்காளி நசுங்கி என் சட்டை மேல் தெறித்தது. "பாத்தீங்களா? உங்களோடதும் வெட்டலை. டாக்டரோடதும் வெட்டாது. நம்மளோடது எதுவுமே வெட்டாது. கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் மறுபடி காய்ச்சி முக்கிடலாம். நான் சொல்லித் தரேன்."

அவர் மனதில் கள்ளமே இல்லை. அதுதான் மன்னிக்க முடியாததாக இருந்தது. உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

"அவருக்கு அடக்கம் போதாது," என்றார் பல் டாக்டர்.

"கைப்பிடி போடாத கத்தியைச் சபைக்குக் கொண்டுவந்தது ஒழுங்கீனம்," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"குரல்ல ஒரு அதிகாரம் இருக்கு. பார்வையும் சரியில்லை," என்றார் மூக்குக்கண்ணாடிக்காரர்.

"ஆரம்பத்திலேர்ந்தே அவர் கத்தி மட்டம்தான். கயிறுகூட அறுபடலையே," என்றேன் நான்.

மாப்பிள்ளையை மன்றத்திலிருந்து நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவர் தன் அரங்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனார். தங்கை மட்டும் வாசலில் நின்றாள்.

"குறை சொல்லத் தெரியாத நல்ல மனுஷங்கன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன் அண்ணா," என்றாள். "நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு. என் வீட்டு அடுப்பு அணையப்போகுதுன்னப்ப வராத வாய், உன் சட்டையில தக்காளி பட்டதும் வந்துடுச்சு."