தொண்ணூறு நாள் பச்சை விளக்கு

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மைக்ரான் நெட் வரும் அந்தச் சின்னப் பெட்டியையே வெறித்துப் பார்த்தார். தொண்ணூறு நாளாகப் பச்சையாக எரிந்த விளக்கு இப்போது சிவப்பாக எரிந்தது.

மணி ஒன்பதே கால்.

"என்னங்க, நெட் போச்சு!" என்று உள்ளறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "பதினாலு பேர் கழுத்தை இடப்பக்கம் திருப்பிட்டு உக்காந்திருக்காங்க. நான் சொன்னாத்தான் நேரா திருப்புவாங்க!"

மனைவி முதுகுவலி, கழுத்துவலிக்காரர்களுக்கு கம்ப்யூட்டர் வழியாகப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர். மைக்ரான் கனெக்டர் செய்பவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒன்றிரண்டு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று ஆபீசில் எல்லோருடைய உயிரையும் எடுப்பதால், இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது மனைவிகூட மனதுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

தலைமுடி மாதிரியான கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடிவருகிறது நெட். அந்த இழையைப் பெட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது கனெக்டர். மற்ற கனெக்டர்களில் முனை உடைந்தால் மொத்தத்தையும் வெட்டி எறிய வேண்டும். பிறகு ஒரு ஆள் ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து புதிதாக ஒட்ட வேண்டும். மைக்ரானின் கனெக்டரில் அந்த வம்பே இல்லை. அரிசி அளவு வெள்ளை முனை ஒன்று, அதன் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங். இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது. கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, வெறுங்கையால், இரண்டே நிமிஷத்தில் செய்யலாம் என்று அவர் நான்கு வருஷமாக ஆபீசில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சொல்வதை நம்பத்தான் ஆளில்லை. கடைசியில் ஒரு பெரிய நெட் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் அம்மா, "ஏசி ரூம்ல வெச்சுக் காட்டாதீங்க. தூசியும் ஆளும் புழங்குற இடத்துல ஓடுறதைக் காட்டுங்க, வந்து பார்க்கறேன்" என்றார். மைக்ரான் உடனே தம் வீட்டுக் கூடத்தில், தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரம், மேஜைக்குப் பின்னால் அதை மாட்டிவிட்டார். பக்கத்துச் சுவரில் ஒரு தாள். தினமும் சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் விளக்கைப் பார்ப்பார். பச்சை. தாளில் ஒரு டிக். நேற்றோடு தொண்ணூறு டிக்.

இன்று பதினோரு மணிக்கு அந்த அம்மாவும் மைக்ரானின் மேலாளரும் வருகிறார்கள். அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிட்டு மைக்ரானை ஒட்டுக் கனெக்டர் பிரிவுக்கு மாற்றிவிடப் போவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். பசை வாடையில் மீதி ஆயுள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே மைக்ரானுக்கு அழுகை வந்தது.

அவர்கள் வருவதற்குள் வீடு சுத்தமாக வேண்டாமா? செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பெருக்கித் துடைக்க வரும் அக்கா, பஸ் கிடைக்கவில்லை, தாமதமாகும் என்று போன் செய்துவிட்டார். சரி, நாமே பெருக்குவோம் என்று மைக்ரான் வாழ்நாளில் முதல்முறையாகத் துடைப்பத்தை எடுத்தார். மேஜையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். சிவப்பு.

"என்னங்க, பதினாலு கழுத்து!"

"என் போனை எடுத்துக்கோ! அதுல நெட் இருக்கு!" என்று போனை உள்ளே நீட்டிவிட்டு வந்தார். ஒரு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்.

"செவ்வாய்க்கிழமைன்னா இப்படித்தான் கொஞ்ச நேரம் நிக்கும். தானா வந்துரும், பேசாம விடுங்க" என்றார் மனைவி.

"அது கம்பெனிக்காரங்க ஏதோ பராமரிப்பு பண்ற நேரம். என் கனெக்டருக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தார். முனை கழுத்தோடு உடைந்திருந்தது.

பரவாயில்லை, மாற்றுவதற்காகத்தானே செய்தோம்! மேல்மூடியைக் கால் சுற்றுத் திருகினார். உள்ளேயிருந்த ஸ்பிரிங் துள்ளிக் குதித்து, அவருடைய காதை உரசிக்கொண்டு, அலமாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

ஆபீஸ் லேபில் இப்படி ஆனதே இல்லை. அங்கே கனெக்டரைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி உண்டு, மேலே பூதக்கண்ணாடி உண்டு, கீழே விளிம்பு வைத்த தட்டு உண்டு. கைக்குப் பக்கத்தில் எடுத்துக் கொடுக்க உதவியாளர் உண்டு. இங்கே அவரும் தரையும்தான்.

மேஜை இழுப்பறையைத் திறந்தார். பன்னிரண்டு முனை, பன்னிரண்டு ஸ்பிரிங், துடைக்கச் சின்னச் சின்ன ஈரத்தாள், எப்படி மாற்றுவது என்று அவரே வரைந்த நான்கு படம், எல்லாம் போட்டு அவர் கையால் மூடி வைத்த டப்பா அதில் இருந்தது. 'எழுத்தே வேண்டாம், படத்தைப் பார்த்தே எவரும் செய்துவிடலாம்' என்று அவர் பெருமையாக வரைந்ததை, குழந்தைகள் புத்தகம் போல இருக்கிறது என்று மேலாளர் சிரித்திருந்தார்.

டப்பாவில் ஒரே ஒரு முனை இருந்தது. ஒரே ஒரு ஸ்பிரிங். படத்தாள் ஓரமெல்லாம் மடிந்து, ஒரு மூலையில் சோப்புக் கறையோடு இருந்தது.

"இதுல இருந்த பதினொண்ணு எங்க?" என்று கத்தினார்.

கதவைத் திறந்து மனைவி தலையை நீட்டினார். "எந்தப் பதினொண்ணு?"

"வெள்ளையா, அரிசி மாதிரி!"

"அதை எடுத்து நான் என்ன தோடு செஞ்சு போட்டுக்கப் போறேனா? கத்தாதீங்க, எல்லாருக்கும் கேக்குது." உள்ளே திரும்பி, "உங்களைச் சொல்லலைங்க, மூச்சை வெளிய விடுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரோ சதி செய்கிறார்கள் என்று மைக்ரானுக்குத் தோன்றியது. ஒட்டுக் கனெக்டர் பிரிவின் தலைவர் போன மாதம் வீட்டுக்கு வந்து இரண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவர்தான்! ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. மனைவியின் புருவம் திருத்தும் சின்ன இடுக்கியை எடுத்துவந்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முனையை வைத்து, ஸ்பிரிங்கை வைத்து, மூடியைத் திருகினார். மூடி திருகவில்லை. அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். ஒருவழியாகப் பூட்டியது.

விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

படத்தாளை ஒருமுறை பார்த்திருக்கலாம். வரைந்தவர் எங்கே பார்க்கிறார்!

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. யாருடைய பிறந்தநாளுக்கோ வந்த பரிசைச் சுற்றியிருந்த பச்சைக் கண்ணாடித்தாள் அலமாரியில் கிடந்தது. அதில் விரல்நகம் அளவு வெட்டி விளக்கின் மேல் ஒட்டினார். இப்போது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. சிவப்பு வெளிச்சம் பச்சைத்தாளுக்குள் புகுந்து வெளியே வராது என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். பதினைந்து வருஷமாக ஒளியைக் கட்டி மேய்க்கிறவருக்கு அது அந்த நேரம் பார்த்து மறந்துபோனது.

தாளைப் பிய்க்கப் போனார். பசை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பசை என்றாலே அவருக்கு ஆகாது.

மனைவி வகுப்பை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். "சொல்ல மறந்துட்டேன். நடுவுல உங்க மேனேஜர் போன் பண்ணினார். நான் வகுப்புல இருக்கேனா, 'தோளைத் தளர்த்துங்க, எதையும் நினைக்காதீங்க'ன்னுட்டேன். அவரும் சரின்னார். சீக்கிரமே கிளம்பிட்டாங்களாம். பத்து மணிக்கே வந்துருவாங்களாம்."

"இப்ப மணி என்ன?"

"பத்து."

அழைப்பு மணி அடித்தது.

மேலாளர் வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்தார். பின்னால் தலைமைப் பொறியாளர் அம்மா. கையில் கனமான ஃபைல், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் இருந்த தாளுக்குப் போனார். மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"தொண்ணூறு டிக். நடுவுல ஒரு தடவைகூட முனை மாத்தலையா?"

"மாத்தற அவசியமே வரலை மேடம்!" என்றார் மேலாளர், தாமே ராப்பகலாகக் காவல் இருந்தவர் போல. "இரும்பு மாதிரி."

"அப்புறம் ஏன் விளக்கே எரியலை?"

மேலாளர் மைக்ரானைப் பார்த்தார். மைக்ரான் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை. அவர் அளவெடுத்துப் பழகியவர், பூசிமெழுகிப் பழகவில்லை.

"மேடம், காலையில மேஜையை இழுத்தேன், உடைஞ்சிடுச்சு. பயந்துபோய் விளக்கு மேல பச்சைத்தாள் ஒட்டிட்டேன். அந்தத் தாளுக்குக் கீழ சிவப்புதான் எரியுது."

"யோவ்!" என்றார் மேலாளர். டீ தளும்பியது.

அந்த அம்மா கோபப்படவில்லை. "உடைஞ்சா உடையட்டும். எங்க லைன்ல ஒரு நாளைக்கு அம்பது உடையுது. உடையாததைத் தேடி நான் வரலைங்க. உடைஞ்சா சட்டுனு மாத்தக்கூடியதைத் தேடித்தான் வந்தேன். மாத்துங்க, பார்க்கறேன்." கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

மைக்ரானுக்கு நான்கு வருஷமும் அந்தக் கடிகாரத்துக்குள் ஓடுவது போலிருந்தது. கனெக்டரை எடுத்தார். மூடியைத் திருகினார். ஸ்பிரிங் துள்ளியது. இந்தமுறை அலமாரிப் பக்கம் போகவில்லை. அழகாக வளைந்து பறந்து மேலாளரின் டீக்குள் விழுந்தது.

மேலாளர் கோப்பையைத் தம் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"வேற ஸ்பிரிங்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லைங்க. பதினொண்ணு காணாமப் போச்சு."

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். லேபுக்கு வெளிய, மேஜை நாற்காலி இல்லாம, படிப்பு கிடிப்பு இல்லாத யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை இதை மாத்தியிருக்காங்களா?"

மைக்ரான் தொண்ணூறு டிக்கையும் பார்த்தார். இத்தனை நாளாக அவர் பெருமைப்பட்ட தாள், அந்தக் கேள்விக்கு ஒரு பதிலும் வைத்திருக்கவில்லை.

"இல்ல மேடம்."

"அதுதாங்க எனக்கு வேணும். அதை மட்டும் நீங்க செஞ்சு பார்க்கலை" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா ஃபைலை மூடினார். குரலில் கடுமை இல்லை, வருத்தம்தான் இருந்தது. அது மைக்ரானுக்கு இன்னும் வலித்தது. நான்கு வருஷம், அப்படியே ஒரு டீக் கோப்பையில் முங்கிப்போய்விட்டது.

"ஒட்டுக் கனெக்டர்ல நம்மகிட்ட நல்ல மாடல் ஒண்ணு இருக்கு மேடம்..." என்று மேலாளர் ஆரம்பித்தார்.

வாசல் கதவு திறந்தது. பெருக்கித் துடைக்க வரும் அக்கா மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். "ரெண்டு பஸ் நிக்காமப் போயிட்டான்மா" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், கூடத்தின் நடுவில் கிடந்த துடைப்பத்தையும், இடம் மாறிய மேஜையையும், மைக்ரான் கையில் இருந்த கனெக்டரையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது.

"மேஜையை இழுத்தீங்களா சார்? தூக்கி இல்ல வைக்கணும்! நானே சமயத்துல மறந்துடறேன். ஸ்பிரிங்கு எங்க?"

மேலாளர் ஒன்றும் புரியாமல் கோப்பையை நீட்டினார்.

அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். டீக்குள் விட்டு ஸ்பிரிங்கைத் தூக்கினார். டப்பாவிலிருந்து ஈரத்தாள் ஒன்றைப் பிரித்து ஸ்பிரிங்கைத் துடைத்தார், இன்னொன்றால் முனையைத் துடைத்தார். மைக்ரான் பதறிப்போய், "முனை மேல விரல் படக் கூடாது!" என்றார்.

"தெரியும் சார். படத்துல விரலுக்குக் குறுக்க கோடு போட்டிருக்கே" என்றார் அக்கா. "மூடி உள்பக்கம் கீறியிருக்கு பாருங்க, ஸ்பிரிங்கைத் தலைகீழா போட்டிருக்கீங்க. அகலமா இருக்கறது உள்ள, சின்னது வெளிய. அப்புறம் திருகும்போது கட்டைவிரலால மேல அமுக்கிக்கணும், இல்லேன்னா பறந்துடும்."

அமுக்கினார். திருகினார். செருகினார். விளக்கின் மேலிருந்த கண்ணாடித்தாளை நகத்தால் ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார்.

பச்சை.

தலைமைப் பொறியாளர் அம்மா மேஜைமேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. "ஒரு நிமிஷம் பத்து செகண்ட். டீயிலேர்ந்து எடுத்ததையும் சேர்த்து." மூடிய ஃபைலை மெல்லத் திறந்து பேனாவை எடுத்தார். "ஏம்மா, இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க? இதுக்கு முன்னாடி எப்பவாவது மாத்தியிருக்கியா?"

அக்கா மைக்ரானை ஒருமுறை பார்த்தார். சுவரில் இருந்த தொண்ணூறு டிக்கைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"இதோட பன்னெண்டு தடவைம்மா, சாயங்காலம் வந்து சார் அந்தத் தாள்ல ஆசையா டிக் போடுவாரே, சிவப்பு எரிஞ்சா மனசு விட்டுடுவாருன்னு அவர் வர்றதுக்குள்ள மாத்தி வெச்சிடுவேன்."