ஸ்கான் சாமி கண்ட கறுப்பு

எழுந்தேன். பல் துலக்கினேன். தேத்தண்ணீர் வைத்துக் குடித்தேன். ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்தேன். முல்லைத்தீவில் என் பட்டத்துக்குக் கிடைத்த வேலை ஓட்டோதான்.

பக்கத்து வீட்டு அல்பேர்ட் அண்ணன் ஓடி வந்தார். அவர் மனைவி ஜோசப்பின் அக்காவுக்குச் சற்று முன்னர் வாய் கோணி, வலக்கை தொங்கிவிட்டது.

“தம்பி, கெதியா எடுங்கோ!”

“ஆஸ்பத்திரிக்குத்தானே?”

“ஓம். போற வழியில முள்ளியவளையில ஸ்கான் சாமியிட்டயும் ஒருக்காக் காட்டுவம்.”

“நீங்கள் வேதக்காரர் எல்லோ?”

“மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்திப்போட்டன்.”

அவரோடு வாதாடினால் நேரம்தான் போகும். அலுமாரியைத் திறந்து, போன வருடம் பக்கவாதத்தில் செத்துப்போன என் மனைவி சிவதர்சினியின் மூளை ஸ்கான் படத்தை எடுத்துக்கொண்டேன்.

ஸ்கான் சாமியின் பூர்வாசிரமப் பெயர் வினோதன். பரந்தனில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்தவர். இப்போது மண்டைக்குள் பார்க்கிறார். நாங்கள் போய் இறங்கியபோது அவருடைய கொட்டில் நிரம்பி ஆட்கள் றோட்டில் நின்றார்கள். எல்லார் கையிலும் ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய உறை. சாமி படத்தைக் குத்துவிளக்கின் முன் பிடிப்பார். கறுப்புத் திட்டு ஒன்று தெரியும். இரத்தம் போகாமல் செத்த இடம் என்பார் டொக்டர். முனி அடித்த இடம் என்பார் சாமி. டொக்டர் மாத்திரை தருவார். சாமி நூல் கட்டுவார். நூலுக்குத்தான் கூட்டம்.

“வலக்கை விழுந்திட்டுது,” என்றார் சாமி, ஒரு படத்தைப் பார்த்து.

அதைக் கொண்டுவந்த சுகந்தினி கும்பிட்டாள். “என்ர மனுசனுக்கு எந்தக் கை எண்டு நான் வாயே திறக்கேல்லை, சாமி!”

திறக்கத் தேவையில்லை. வலக்கையை அசைப்பது மூளையின் இடப்பக்கம். ஸ்கான் படத்தில் அந்த இடப்பக்கம் நமக்கு வலப்புறமாகத் தெரியும். இரண்டு தரம் மாறி, கறுப்பு தெரிகிற பக்கமே கை விழுந்த பக்கமாகிவிடுகிறது. ஏன் என்று சாமிக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கு யாரும் தேங்காய் உடைப்பதில்லை.

அவசரம் என்று சொல்லி முன்னால் போய், சிவதர்சினியின் படத்தை முன்பின்னாகத் திருப்பி, என் மனைவியுடையது என்று நீட்டினேன்.

“இடக்கை,” என்றார் சாமி. “காட்டு முனி. பிள்ளைக்குப் பேச்சும் இல்லை. தை பிறக்கக் கதைப்பா.” கண்ணை மூடினார். “இப்பவே என்ர காதில சொல்லுறா: ‘சாமி சொல்லுறதைக் கேளுங்கோ’ எண்டு.”

“விழுந்தது வலக்கை. படத்தை நான்தான் மாறித் தந்தனான். அவா செத்து ஒரு வருசம்.”

சாமி இருமினார்.

“ஆவியும் கதைக்கும்தானே, தம்பி.”

“அப்ப எந்தக் கை எண்டு ஆவி சொல்லேல்லையோ?” என்றாள் சுகந்தினி. பக்கத்தில் நின்றவரின் படத்தைப் பறித்து இரண்டு தரம் திருப்பினாள். “இதில முன்பக்கம் எது, பின்பக்கம் எது? முதல்ல அதைச் சொல்லுங்கோ!”

மற்றவர்களும் படங்களை உருவித் திருப்பத் தொடங்கினார்கள். சாமிக்குத் திடீரென்று தாகம் எடுத்தது. உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

அல்பேர்ட் அண்ணன் மனைவியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னமே ஓட்டோவில் ஏறியிருந்தார். ஆஸ்பத்திரி வாசல் தெரிந்ததும் கேட்டார்.

“தம்பி, உங்கட மனுசி உண்மையாக் கடைசியா என்ன சொன்னவா?”

சிவதர்சினிக்கு இரத்தக்குழாய் அடைத்தது பேச்சை ஆளும் இடத்தில். அன்று வவுனியாவில் நின்ற நான் வீடு வந்து சேர்வதற்குள் சொற்கள் போய்விட்டன. அதற்கு முன், எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோவதென்று மாமாமார் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, எனக்குப் போன் எடுத்தாள். கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

“கோயில் நாளைக்கும் இருக்கும். என்னை இப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ.”