நாடா மேஸ்திரி தறியை நிறுத்திய சாயங்காலம்

எங்கள் சோமனூரில் தறி இல்லாத வீடு இருக்கலாம். நாடா மேஸ்திரியிடம் திட்டு வாங்காத வீடு இருந்ததில்லை. கைத்தறியை விட்டு ஊரே பவர்லூமுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. மேஸ்திரி கோயமுத்தூர் மில் சத்தத்தில் காதைப் பறிகொடுத்துவிட்டு, எங்கள் பட்டறைக்குத் தறி பூட்டும் பிட்டராக வந்தவர். தறியில் ஊடைநூலோடு அங்கும் இங்கும் ஓடும் நாடா மாதிரி அவருக்கும் ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. நான் மூன்றாவதோடு நின்றவள், என் எழுத்தில் பிழை இருக்கும். அவர் பூட்டிய தறியில் பிழை கண்டவர் கிடையாது.

தறி அரை நிமிஷம் நின்றால், "ஏனுங்க, இதென்ன பட்டறையா, சத்திரமுங்களா?" என்று என் வீட்டுக்காரரையே கேட்பார். முதலாளி என்றெல்லாம் பார்க்க மாட்டார். அவர் பணிந்து பேசிய ஒரே ஆள், பட்டறைக்குப் பின்னால் அவர் ஜோடியாக வளர்த்த சீமை வாத்தில் பெட்டை. அதன் பெயர் அம்மணி. ஊரையே கொத்தும், அவரைத் தவிர.

அம்மணி அடை உட்கார்ந்தது. மேஸ்திரி உடனே தண்ணீர்த் தொட்டியைப் பலகை போட்டு மூடினார். சுக்கும் கருப்பட்டியும் தட்டி நீட்டினார்.

"மேஸ்திரிங்க, அது தண்ணியில முங்கி ஈரத்தோட வந்து உக்காந்தாத்தானுங்க முட்டை பொரியும்" என்றேன். என் பிறந்த வீடு தாராபுரம். ஆற்றங்கரையில் வாத்தோடு வளர்ந்தவள் நான்.

"பச்சை ஒடம்புக்காரிங்க கண்ணு. நீ புள்ளை பெத்தப்ப உன்னைய வாய்க்கால்ல எறக்கி உட்டாங்களா?"

அத்தனையும் கூமுட்டையாகப் போயிற்று. அம்மணி மட்டும் எழுந்திருக்கவில்லை. தீனியும் தொடவில்லை. நெஞ்செலும்பு கையில் தட்டியது. இப்படியே கிடந்தால் செத்துப்போகும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. அன்று அவர் யாரையும் திட்டவில்லை. பட்டறையே பயந்துபோயிற்று.

"எங்கப்பன் ஊட்டுல இப்பத்தான் குஞ்சு பொரிச்சிருக்குதுங்க" என்றேன். பஸ் பிடித்துப் போய், நூல் கூடையில் மூன்று குஞ்சுகளோடு திரும்பினார்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் கூமுட்டைகளை எடுத்துவிட்டு, குஞ்சுகளைப் பின்பக்கமாக அதன் வயிற்றடியில் தள்ளினார். அம்மணி கொத்தி வெளியே எறிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி எறிந்தது. ஒரு குஞ்சின் தலையில் ரத்தம்.

"கொரலு கேட்டாத்தானுங்க அதுக்குத் தன்னோட புள்ளைன்னு தோணும். இந்தத் தறிச் சத்தத்துல எங்க கேக்குது" என்று அவர் காதில் கத்தினேன்.

என்னையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பட்டறைக்குள் போய் மோட்டாரை நிறுத்தினார். அத்தனை தறியும் நின்றது. வீட்டுக்காரர் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி, மோட்டாரு எரிஞ்சுபோச்சுங்களா?"

"எரியலீங்க. அம்மணிக்குக் கொழந்தைங்க சத்தம் கேக்கோணும். நீங்களும் கொஞ்சம் வாயை மூடிட்டு நில்லுங்க."

முதலாளி வாயை மூடினார். குஞ்சுகள் கீச்சிட்டன. அம்மணி கழுத்தைச் சாய்த்துக் கேட்டது. தொண்டைக்குள் மெல்ல ஏதோ சொன்னது. பிறகு இறக்கையைத் தூக்கியது. மூன்றும் உள்ளே போயின.

மேஸ்திரி தம் அளவில் ரகசியமாக, அதாவது அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி கேட்டார்: "என்ன கண்ணு சொல்றாங்க?"

"‘இத்தனை நேரம் எங்க போனீங்க’ன்னு கேக்குதுங்க."

"கொழந்தைங்க அதுக்கு என்ன சொல்லுதுக?"

இருட்டும்வரை தாயும் பிள்ளைகளும் பேசிக்கொண்டதையெல்லாம், அவர் காதோரம் நின்று நான் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.